கதவு பூட்டு

நாகலூர் சாலையில்
கடைசி மின்கம்பத்துக்கு எதிரே
பெங்களூர்க்காரர் வீடு.
மதிலின் வெளிப்பக்கம் மீட்டர்ப் பெட்டி.
மூடியில் கண்ணாடி போய் இரண்டு வருடம்.

சித்திரை பதினொன்று.
கை வைக்கும் முன்பே
முகத்தை உரசிக்கொண்டு பறந்தது ஒன்று,
சாம்பல் உடம்பு,
வால் மட்டும் கறுத்து.
எட்டிப் பார்த்தேன்.
பாசி, வேர்நார், சடையனின் பீடிக்கட்டு நூல்,
யாருடையதோ நரைமுடி.
நடுவில் ஐந்து முட்டை,
வெளிறிய பச்சையில் பழுப்புத் தீற்றல்,
தாளித்த எண்ணெய் தெறித்ததுபோல.
பின்னால் மீட்டரின் சிவப்பு விளக்கு
நிதானமாகச் சிமிட்டியது.
எண் தெரியவில்லை.
கூட்டை அரை அங்குலம் நகர்த்தினால் தெரியும்.

கருவியில் 'கதவு பூட்டு' என்று அழுத்தினேன்.

பதினேழு வருட வேலையில்
நான் பதிந்த முதல் பொய்
என்று சொல்ல ஆசைதான்.
முதல் அல்ல.

'பாம்பா அக்கா?' என்றான் சடையன்.
'குண்டுகரிச்சான்' என்றேன்.
'அது கத்தியே என் தூக்கம் போகுது' என்றான்.
ஆனாலும் மறுநாள்
பெட்டிக்கு மேல் ஒரு தகரம் சாய்த்திருந்தான்,
கேட்டால் மழைக்கு என்றான், மீட்டருக்காம்.

கீழே சேலத்தில் நூற்றிரண்டு டிகிரி.
இங்கே காப்பிச் செடியில் காய் பச்சைமணியாய்த் திரள்கிறது,
பலாப்பழ வாசனை வளைவு வளைவாய் ஏறி வருகிறது.
கொட்டச்சேடு முடித்து, மஞ்சக்குட்டை முடித்து,
சோற்று டப்பாவோடு இந்தத் திருப்பத்தில் நிற்பேன்,
எதற்கும் சம்பந்தமில்லாதவள் மாதிரி.

ஆண், சில்வர் ஓக் உச்சியில்,
கோர்ட்டுக்குக் கிளம்பிய வக்கீல்.
அடைகாப்பதில் அவனுக்குப் பங்கில்லை,
நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.
பாடுகிறான்:
நீளமாய் ஒரு சீழ்க்கை,
இடையில் அணில் திட்டுவது,
பிறகு, சத்தியமாக,
நாகலூர் மினிபஸ்ஸின் பிரேக்.

பாட்டு நின்றால் சண்டை.
என் ஸ்கூட்டர் கண்ணாடிக்குள் இன்னொரு வக்கீல்.
கொத்துகிறான், இறக்கை அடிக்கிறான்,
பின்னால் போய்த் தேடுகிறான்,
திரும்ப வந்து கொத்துகிறான்.
அலகு உடையுமே என்று
இரண்டு கண்ணாடிக்கும் கைக்குட்டை கட்டினேன்.
அவிழ்க்க மறந்து
நாலாவது வளைவு வரை இறங்கிவிட்டேன்,
பின்னால் லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் நினைவூட்டினான்.

'என்னங்க அமலோற்பவம்,
மதிலுக்கு வெளியே இருக்கிற பெட்டிக்கு
ஏதுங்க கதவு?'
உதவிப் பொறியாளர் கணினியை விட்டு நிமிரவில்லை.
காரணம் சொன்னேன்.
'எத்தனை முட்டை?' என்றார்.
ஐந்து என்றேன்.
சராசரி போட்டுக்கொண்டார்,
மின்சாரத்துக்கு.

பொரித்தவை நாலு.
தோல் மட்டுமே ஆன நாலு வாய்.
அப்போதுதான் அவனுக்கும் வேலை வந்தது,
மண்புழு, பச்சைப்புழு,
ஒருமுறை தன் தலையைவிடப் பெரிய தட்டான்.
கணக்கு வைத்தேன், பழக்கதோஷம்:
பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை
அவள் ஒன்பது நடை, அவன் ஆறு.

ஆலங்கட்டி விழுந்த இரவுக்கு மறுநாள்
மூன்றுதான் இருந்தன.
செம்போத்து என்றான் சடையன்.
நான் எதுவும் கேட்கவில்லை,
அவன் தகரத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான்.

வைகாசி எட்டாம் தேதி கூடு காலி.
பொரிக்காத முட்டை மட்டும் ஓரத்தில்.
குனிந்து எண்ணைப் படித்தேன்.
ஆளில்லாத வீட்டுக்கு அதிகம்தான்,
ஏதோ ஒரு ஃப்ரிட்ஜ்
யாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பினால் ஸ்கூட்டர் கைப்பிடியில் ஒரு குஞ்சு,
மார்பில் துருப்புள்ளி,
வாலென்று சொல்ல ஒன்றுமில்லை.
இன்று கைக்குட்டை கட்டவில்லை.
கண்ணாடிக்குள் பார்த்தது.
அப்பனைப் போலச் சண்டைக்குப் போகவில்லை.
இறக்கை நடுங்க,
தொண்டை சிவக்க,
வாயைப் பெரிதாகத் திறந்து
அதனிடம் சாப்பாடு கேட்டது.

உள்ளே இருந்ததும் கேட்டது.

எனக்கு இன்னும் பதினாறு வீடு பாக்கி.
நின்றுகொண்டிருந்தேன்.